அறுபத்து நான்காவது மேடு

ஜூன் 12, வெள்ளி

தம்பிக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று கேட்கிற நிலைமையில் நான் இல்லை. பழக்க தோஷம், கேட்டுவிட்டேன்.

உன் அத்தானைக் காணவில்லை. நேற்று வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார். மதியத்துக்கு மேல் மழை கொட்டித் தீர்த்தது. மழைக்காகக் காவல் குடிசையில் ஒதுங்கியிருப்பார் என்று நினைத்தேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் குடிசை பூட்டிக் கிடக்கிறது. இருபத்தெட்டு வருடமாக அந்தப் பழங்காலப் புதைமேடுகளுக்குக் காவல்காரராக இருக்கிறவர் அதே காட்டுக்குள் தொலைந்துபோனார் என்று நான் சொன்னால், வன அலுவலகத்தில் ஒருத்தன் சிரிக்கிறான்.

உனக்கு எழுதாத ஒன்று இருக்கிறது. ஒரு வருடமாகவே அவருக்கு மறதி. கிழமை மறந்துபோகாமல் இருக்க ஜன்னல் விளிம்பில் நாளுக்கு ஒரு கூழாங்கல் வைப்பார். ஞாயிறு வந்ததும் எல்லாவற்றையும் வாரி எடுத்துவிட்டு மறுநாள் மறுபடி ஒன்று. போன மாதம் என்னைப் பார்த்து, "நீங்க சலவைக்கூடத்து அம்மாதானே?" என்றார். கிண்டல் செய்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இருபத்தேழு வருடத்துக்கு முன் எங்கள் வீட்டில் மூன்று மாதம் தங்கி அந்த மேடுகளை அளந்து நீ போட்ட வரைபடம்தான் அந்தக் காட்டுக்கு இருக்கிற ஒரே வரைபடம். இங்கே இருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. உன் சர்வே ஆபீஸிலிருந்து ஒரு நல்ல பிரதி உடனே அனுப்பு. டெலிபோனில் கூப்பிட்டுப் பார்த்தேன், மழையில் லைன் செத்துக் கிடக்கிறது. நாளை முப்பது பேர் தேடப் போகிறார்கள். வழி தெரியாமல் முப்பது பேர் போய் என்ன பிரயோஜனம்?

கை ஓடவில்லை. உன் மனைவிக்கும் சொல்.

அக்கா


ஜூன் 13, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் பதினோரு மணிக்கு வந்தது. நீ சாப்பிட்டாயா? முதலில் அதைச் சொல்.

வரைபடத்தை வேறு யாரிடமும் கொடுக்காமல் நானே உட்கார்ந்து பிரதி எடுத்தேன். இரண்டு இடத்தில் மசி பரவியிருக்கிறது, மன்னித்துக்கொள். மேடுகள் மொத்தம் அறுபத்து மூன்று. ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கிறேன். ஒற்றையடிப் பாதைகளைப் புள்ளிக்கோடாகக் காட்டியிருக்கிறேன். காட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடச் சொல். தேடி முடித்த கட்டத்தைச் சிவப்புப் பென்சிலால் அடிக்கச் சொல். அப்போதுதான் ஒரே இடத்தை இரண்டு முறை சுற்ற மாட்டார்கள்.

ஓடைக்கு அப்பாலும் ஒரு தடவை பார்க்கச் சொல்.

அத்தான் காட்டை அறிந்தவர். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவரே வந்து நின்று, "எதுக்கு இத்தனை கூட்டம்?" என்று கேட்பார் பார். நான் உடனே கிளம்பியிருப்பேன். திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து சோதனைக்கு வருகிறார்கள், லீவு கேட்க வாய் வரவில்லை.

மழையில் நனையாதே.

தம்பி


ஜூன் 15, திங்கள்

பென்சிலுக்கு,

பழைய பட்டப்பெயரில் கூப்பிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீ பஸ்ஸில் கொடுத்தனுப்பிய வரைபடம் நேற்று வந்தது. மேசைமேல் விரித்துக் குண்டூசி குத்தி வைத்திருக்கிறார்கள். நீ சொன்னபடியே கட்டம் கட்டமாகத் தேடுகிறார்கள். உன் படத்தை எல்லாரும் பாராட்டுகிறார்கள். எனக்குப் பெருமைப்படக்கூடத் தெம்பில்லை.

நானும் அவர்களோடு நடந்தேன். அவர் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும்: கூனன், இரட்டையர், அடுப்பு, தூங்குமூஞ்சி. தேடுகிறவர்கள் ஏழு, பன்னிரண்டு என்று எண் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் பெயர்கள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. பார்க்க வருகிற பள்ளிப் பிள்ளைகள், "இங்க பேய் வருமா?" என்று கேட்டால், "மூவாயிரம் வருஷம் ஆச்சு, அதுங்களும் ரிட்டயர் ஆகியிருக்கும்" என்பார். கூனனுக்குப் பக்கத்தில் நின்றபோது அது ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். தேடுகிறவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

நான் அவசரமாக எழுதுவது இதற்குத்தான். ஓடைக்கு அப்பால் என்று நீ எழுதியதைத் தேடுதல் தலைவரிடம் காட்டினேன். ஓடையில் ஆள் உயரத்துக்கு வெள்ளம் போகிறது. அவர் சொன்னார்: "அந்தப் பக்கம் மேடே கெடையாதும்மா. வரைபடத்துல பாருங்க, வெறும் வெள்ளையா இருக்கு. இவரு மேடுகளுக்குத்தான காவலு? அங்க எதுக்குப் போவாரு? கயிறு கட்டி ஆளை எறக்கணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும்."

கரையில் நின்று விசில் ஊதிக் கூப்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டோம். நீ எதையாவது நினைத்து எழுதினாயா? காரணம் இருந்தால் ஒரு வரி எழுது போதும், இறங்கச் சொல்லிவிடுவேன். அவசர தபாலில் பதில் போடு.

அக்கா


ஜூன் 16, செவ்வாய்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். நீ விழுந்துவிட்டால் யார் பார்ப்பது?

ஓடை விஷயம்: குறிப்பாக எந்தக் காரணமும் இல்லை. ஒரு யோசனையாகத்தான் எழுதினேன். அந்தப் பக்கம் முள்ளும் பள்ளமும்தான். அத்தான் இந்த வயதில் அங்கே போயிருக்க மாட்டார். வெள்ளத்தில் யாரையாவது இறக்கி, இன்னொரு வீட்டிலும் அழுகைச் சத்தம் கேட்க வேண்டாம். தெற்குப் பக்கம் சாலையை ஒட்டி நன்றாகத் தேடச் சொல். மறதிக்காரர்கள் சாலையைப் பார்த்துத்தான் நடப்பார்கள் என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார்.

தைரியமாக இரு.

தம்பி


ஆகஸ்ட் 23

தம்பிக்கு,

நான் இருக்கிறேன். உன் முதுகு, உன் மனைவி, இருவரும் சுகமா?

தேடுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அறுபத்து மூன்று மேட்டுக்கும் சிவப்புக் கோடு போட்டாகிவிட்டது. வரைபடத்தை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். ஞாயிறுதோறும் அதை எடுத்துக்கொண்டு நான் தனியாகப் போகிறேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்து வரிசையாகச் சுற்றி வருகிறேன். இலையைக் காலால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன். எதைத் தேடுகிறேன் என்று எனக்குத் தெரியும். வாயால் சொல்வதில்லை.

மற்ற நாளெல்லாம் ஆஸ்பத்திரி சலவைக்கூடம்தான். விரிப்புகளைக் கொதிக்க வைப்பது, உருளையில் கொடுத்துச் சூடு போடுவது, நான்காக மடிப்பது. கிழிந்ததைத் தைத்து ஓரத்தில் சிவப்பு நூலால் குறி போடுவது. பழைய ஆள் என்பதால் குறி போடுகிற வேலை எனக்கு. ஜன்னலுக்கு நேர் எதிரே கழிவு எரிக்கிற அந்தப் புகைக்கூண்டு. இருபத்தாறு வருடமாக நான் அதை நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கிறது. என் பிள்ளை செத்துப் பிறந்தபோது நான் ஜுரத்தில் பத்தொன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்து, "எங்கே?" என்று கேட்டதற்கு அவர், "ஆஸ்பத்திரிலயே முடிச்சிட்டாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். அதற்குமேல் கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். முடித்துவிட்டார்கள் என்றால் அந்தக் கூண்டில்தானே? ஆஸ்பத்திரிக் கழிவோடு கழிவாக. அதனால்தான் மறு வருடம் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். பக்கத்திலாவது இருக்கலாமே என்று. "உனக்குப் பைத்தியமா?" என்று நீகூடக் கேட்டாய்.

அது எங்கே என்று தெரியாமல் போயிற்று. இப்போது இவரும் எங்கே என்று தெரியவில்லை. எனக்கு நின்று அழுவதற்கு ஓர் இடம் வேண்டும், தம்பி. ஓர் அடி மண் போதும். அதைத்தான் கேட்டு அலைகிறேன்.

ஒரு தடவை வந்துவிட்டுப் போ. இந்தக் காட்டில் உன்னோடு நடந்தால் நன்றாக இருக்கும். ஆபீஸ் அளவுக் கருவிப் பெட்டியை ஓடையில் விட்டுவிட்டு மெமோ வாங்கின ஆள் நீ. மூடியில் ஒரு பென்சில் படம் வேறு கீறி வைத்திருந்தாய். வந்தால் அதையும் தேடித் தருகிறேன்.

அக்கா


செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நாலு தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இங்கே நலம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நீ இங்கே வந்துவிடு. பின்பக்க அறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறோம். உன் தம்பி மனைவி ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டாள். தினமும் அந்தக் கட்டடத்துக்குப் போய் வருவதும், ஞாயிறானால் காட்டைச் சுற்றுவதும் உனக்கு நல்லதல்ல.

அப்புறம் அந்தப் புகைக்கூண்டு. குழந்தை அங்கே இல்லை என்று நினைத்துக்கொள் அக்கா. எங்கோ ஒரு மரநிழலில், யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ள, பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள். அப்படி நினைப்பதில் தவறில்லை.

முதுகுவலி அதிகமாக இருப்பதால் பஸ் பயணம் வேண்டாம் என்கிறார் டாக்டர். இல்லாவிட்டால் வந்திருப்பேன்.

தம்பி


ஜனவரி 18

தம்பிக்கு,

நான்கு மாதம் நான் எழுதவில்லை. ஏன் என்று நீயும் கேட்கவில்லை. மரநிழலில் இருப்பதாக நினைத்துக்கொள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு உன் கடிதத்தைச் சலவைக் கொப்பரை அடுப்பில் போட்டேன். ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் சும்மா இருக்கலாம். கதை சொல்லக் கூடாது.

அதெல்லாம் போகட்டும். இப்போது நீ எனக்கு ஒரு காரியம் செய்ய வேண்டும். உட்கார்ந்து, நிதானமாகப் படி.

ஓடை வற்றிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அறுபத்து மூன்றையும் முடித்துவிட்டுக் கரையில் நின்றேன். ஏனோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்தப் பக்கம் முள்ளைத் தள்ளிக்கொண்டு நூறு அடி போனால், தம்பி, அங்கே ஒரு மேடு இருக்கிறது. உன் படத்தில் இல்லாத மேடு. மற்ற மேடுகளில் கல் தெரியாமல் பாசி மூடிக் கிடக்கும். இதில் மேல்கல் ஒன்றில்கூடப் பாசி இல்லை. யாரோ கையால் ஒவ்வொரு கல்லாக அடுக்கியிருக்கிறார்கள், சமீபத்தில். சுற்றிலும் புல்லைச் செதுக்கிய தடம்கூடத் தெரிகிறது.

ஒவ்வொரு கல்லாகத் தடவிப் பார்த்தேன். இதற்கு வேறு என்ன அர்த்தம்? மரம் வெட்டுகிறவன் எவனோ அவரை அடித்துக் கொன்று, பழைய மேடு மாதிரி கல்லைக் குவித்து மூடியிருக்கிறான். கணக்கோடு கணக்காகப் போய்விடும் என்று நினைத்திருப்பான். வரைபடம் போட்டவனுடைய அக்கா எண்ணிப் பார்ப்பாள் என்று அவனுக்குத் தெரியாது.

போலீஸில் கேட்டால் தொல்பொருள் துறையைக் கைகாட்டுகிறார்கள். அங்கே ஓர் அதிகாரி அம்மா நல்ல மாதிரி பேசினார்கள். "பழைய மேடா இருந்தா நாங்க தொட முடியாதும்மா. புதுசுன்னா தொறக்கலாம். அளந்தவர் அன்னைக்கு அங்க மேடு இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாப் போதும்" என்றார்கள்.

அளந்தவன் நீ. ஒரே ஒரு வரி: "நான் அளந்தபோது மேடுகள் அறுபத்து மூன்று மட்டுமே." கையெழுத்து, தேதி. இதைப் பார்த்த அன்றே அனுப்பு. உனக்கு வேறு எந்தத் தொந்தரவும் இனிமேல் கொடுக்க மாட்டேன்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். ராத்திரி தூக்கமில்லை.

அவசரப்படாதே என்று கெஞ்சிக் கேட்கிறேன். இருபத்தேழு வருடத்துக்கு முந்திய அளவு அது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எண்ணிக்கையில் ஒன்று கூடக் குறைய இருந்திருக்கலாம். முள்ளுக்குள் கண்ணில் படாமல் போயிருக்கலாம். பாசி இல்லாததற்கு வெயில்கூடக் காரணமாக இருக்கலாம். அதனால் அந்த வரியை என்னால் எழுதிக் கையெழுத்துப் போட முடியாது.

மேட்டைத் திறக்க வேண்டாம். அத்தான் அங்கே இல்லை. என் பேச்சை ஒரு தடவை கேள்.

மருந்து சாப்பிடுகிறாயா?

தம்பி


பிப்ரவரி 10

தம்பிக்கு,

உடம்பு விசாரிப்பதை நிறுத்து. எனக்கு ஒன்றும் இல்லை.

அங்குலம் பிசகினால் படத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து போடுகிற ஆள் நீ. என் கல்யாணப் பந்தலையே நூல் பிடித்து அளந்தவன். உனக்கு எண்ணிக்கையில் ஒன்று கூடக் குறைய வருமாம். என்னை யாரென்று நினைத்தாய்? ஒருவேளை கணக்கு தப்பு என்று வந்தால் உன் வேலைக்கு ஆபத்து, அதுதானே? செத்தவர் எலும்பைவிட உன் நாற்காலி பெரிதாகிவிட்டது.

உன் கையெழுத்து எனக்கு வேண்டாம். உன் ஆபீஸ் தலைமை அதிகாரிக்கு நேரடியாக எழுதினேன். முன்பின் தெரியாத மனிதர், "வரைபடத்தின்படி மேடுகள் அறுபத்து மூன்று" என்று முத்திரை வைத்து நாலே நாளில் அனுப்பிவிட்டார். கூடப் பிறந்தவனுக்கு மனசு வரவில்லை.

பதினெட்டாம் தேதி காலை எட்டு மணிக்குத் திறக்கிறார்கள். நீ அங்கே சுகமாக இரு.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

இப்போதுதான் தந்தி கொடுத்துவிட்டு வருகிறேன். "திறக்க வேண்டாம். கடிதம் வருகிறது." தபால் ஆபீஸ் பெஞ்சிலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தக் கடிதம் பதினெட்டுக்கு முன்னால் உன் கையில் கிடைக்க வேண்டும்.

எண்ணிக்கை தப்பவில்லை. மேடுகள் அறுபத்து நான்கு. நான்தான் ஒன்றை வரையாமல் விட்டேன்.

உன் குழந்தை அங்கே இருக்கிறது.

நீ நினைவில்லாமல் கிடந்த இரண்டாம் நாள் அத்தான் அதை ஆஸ்பத்திரியிலிருந்து விரிப்பில் சுற்றி எடுத்துக்கொண்டு நான் வேலை செய்துகொண்டிருந்த இடத்துக்கே வந்தார். கூண்டில் போடக் கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட்டு வாங்கி வந்திருந்தார். "எங்கடா வைப்பேன்?" என்று கேட்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். "இங்க படுத்திருக்கிறவங்க எல்லாம் மூவாயிரம் வருஷமா ஒருத்தரும் தொந்தரவு பண்ணாம தூங்கறாங்க. இதுவும் அவங்களோட இருக்கட்டும்" என்றார். பெட்டி எதுவும் இல்லை. என் அளவுக் கருவிகளைச் சாக்கில் கொட்டிவிட்டு அந்தப் பெட்டியைக் கொடுத்தேன். அது ஓடையில் போகவில்லை, அக்கா.

காவல்காரரே பழைய மேட்டைத் திறந்தார் என்று தெரிந்தால் அவர் வேலை போய்விடும். அது மட்டுமில்லை. நான் வரைகிற படத்தை வைத்துத்தான் துறை மேடுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதாக இருந்தது. படத்தில் இருந்தால் ஒரு நாள் அதையும் திறப்பார்கள். அதனால் ஓடைக்கு அப்பால் வெள்ளையாக விட்டேன். உனக்குச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "சொன்னா அவ அங்கயே போய் உக்காந்துடுவா. வீட்டுக்கு வரவே மாட்டா." அவர் நினைத்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வருடா வருடம் மழைக்கு முன்னால் போய்க் கல்லை எடுத்து அடுக்கிப் பாசியைச் சுரண்டுவதாக எனக்கு மட்டும் எழுதுவார். நீ பார்த்த புதுக்கல் அவர் கைவேலை.

இன்னொன்றும் எழுத வேண்டும். இதை எழுதாவிட்டால் மேலே எழுதினதெல்லாம் நடிப்பு.

அவர் காணாமல் போன மூன்றாம் நாள் உன் கடிதத்தைப் பிரித்ததுமே எனக்குத் தெரியும், அங்கேதான் போயிருப்பார் என்று. மழைக்கு முந்திய நாள்கள். பெயரெல்லாம் மறந்தாலும் அந்த வழி அவருக்கு மறக்காது. படத்தைப் பிரதி எடுக்கும்போது பேனாவை அந்த இடத்தில் வைத்தேன். ஒரு புள்ளி போட்டிருந்தால் போதும். பரவிய மசி என்று எழுதினேனே, அதில் ஒன்று அதுதான். பேனாவை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஓடைக்கு அப்பாலும் பார்க்கச் சொல் என்று ஒரு வரி எழுதிவிட்டு என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். நீ காரணம் கேட்டாய். சத்தியம், ஆபீஸ், அவர் வந்துவிடுவார் என்கிற நம்பிக்கை, எல்லாமாகச் சேர்ந்து காரணம் இல்லை என்று எழுதவைத்தது. ஒரு நாள் சொல்லாமல் விட்டதை மறுநாள் சொல்ல வாய் வரவில்லை. அப்புறம் மாதம் ஆக ஆக முடியவே இல்லை.

முதுகுவலி பொய். உன் முகத்தைப் பார்க்கப் பயந்துதான் வரவில்லை.

திறக்கவிடாதே, அக்கா.

தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை கேட்கவில்லை.

தந்தி பதினாறாம் தேதியே வந்தது. நீ வேண்டாம் என்றதும் திறந்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. கடிதம் இருபதாம் தேதி வந்தது.

திறந்தபோது நான் பக்கத்திலேயே நின்றேன். நாலு ஆள், அந்த அதிகாரி அம்மா, நான். மேல்கல்லை எல்லாம் எடுத்தபின் ஒரு பலகைக்கல். அதைப் புரட்டினால் பெட்டி. தோல்வார் மக்கிப்போயிருந்தது. மூடியில் மண்ணைத் துடைத்தார்கள். பென்சில் படம்.

"இது உங்க வீட்டுக்காரரோடதாம்மா?" என்று அதிகாரி அம்மா கேட்டார்கள். "இல்லை, என் தம்பியோடது" என்றேன். அந்த நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. உன் பெட்டி ஏன் இங்கே இருக்கிறது என்று மட்டும் யோசித்தேன். மூடியைத் திறந்ததும் ஓரத்தில் சிவப்பு நூல் குறி. எங்கள் சலவைக்கூடத்து விரிப்பு. மக்கிக் கருத்துப்போயிருந்தாலும் மடிப்பு தெரிந்தது. உன் அத்தானுக்கு ஒரு துண்டைக்கூட ஒழுங்காக மடிக்க வராது. அதை நான்கு மூலையும் சேர்த்து மடித்திருந்தார்.

நான் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதிகாரி அம்மா நோட்டைத் திறந்து, "மேடு பழையது. கற்கள் மட்டும் மாற்றி அடுக்கப்பட்டுள்ளன" என்று எழுதி மூடிவிட்டார்கள். "வெச்சிடலாம்மா" என்றார்கள். வைத்தோம்.

பலகைக்கல்லைப் புரட்டும்போது மேல்கல் சில உடைந்திருந்தன. மாற்றுக்கல் வேண்டும் என்று ஓர் ஆள் பக்கத்துப் பள்ளத்தில் இறங்கினான். தட்டைக்கல் அங்கேதான் கிடைக்கும். இறங்கினவன் கத்தினான். நாற்பது அடிகூட இல்லை. நான் ஜனவரியில் அந்தப் பள்ளத்தின் விளிம்பு வரைக்கும் போய்விட்டு, முள்ளைப் பார்த்துத் திரும்பியிருக்கிறேன்.

அவரும் கல் எடுக்கத்தான் இறங்கியிருக்கிறார். மழையில் சறுக்கிவிட்டது. தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். சட்டையைக் கிழித்துக் காலைக் கட்டியிருந்தார். சாப்பாட்டு டப்பாவின் மூடியைப் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற இடத்தில் வைத்திருந்தார். அந்த மூடியை நான்தான் தினமும் மூடிக் கொடுப்பேன்.

அவர் கைப்பக்கத்தில் ஆறு கூழாங்கல், வரிசையாக. எதற்கு என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். ஜன்னல் விளிம்பில் வைக்கிற மாதிரியே, நாளுக்கு ஒன்று. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை வாரி எடுக்க மறந்துவிட்டார்.

உன் வரைபடம் நாலாம் கல்லன்று வந்தது. நாங்கள் கரையில் நின்று விசில் ஊதியது ஐந்தாம் கல். அவருக்குக் கேட்டிருக்கும். நீ காரணம் எதுவும் இல்லை என்று எழுதியது ஆறாம் கல்.

நான் கத்தவில்லை. உன்னைத் திட்டிப் பத்துப் பக்கம் எழுதினேன், அதை அனுப்பவில்லை. அவர்மேலும் ஆத்திரம் வருகிறது. இருவரும் சேர்ந்து என்னைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து என்னை இருபத்தாறு வருடம் அந்தக் கூண்டுக்கு எதிரே உட்கார வைத்தீர்கள். நேற்று முதல் முறையாக அதை நிமிர்ந்து பார்த்தேன். ஒரு செங்கல் கூண்டு, அவ்வளவுதான். ஒன்றுமில்லாத அதற்காக நான் எத்தனை அழுதேன்!

உன் வரைபடத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். ஓடைக்கு அப்பால் மசி பரவின இடத்தில் அறுபத்து நாலு என்று எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, பள்ளத்தில், அறுபத்தைந்து. அவரையும் அங்கேயே வைக்க அனுமதி வாங்கிவிட்டேன். எழுதியது விரிப்பில் எண் போடுகிற சலவைக்கூடத்து மசியால். எத்தனை கொதி கொதிக்க வைத்தாலும் போகாது. உன் ஆபீஸில் இருக்கிற படத்திலும் நீ இதைப் போட வேண்டும், உன் கையால், தலைமை அதிகாரி பார்க்க.

அதைப் போட்டபின் வா, அதற்கு முன்னால் வராதே. வருகிற அன்று ஓடைக்கரை வரை நான் கூட வருகிறேன். அதற்கு அப்பால் உனக்கு வழி தெரியும்.

அக்கா